மரக்காணத்து மேனேஜருடன் ஆறு நாள்

நான்கு வருடமாக நாயோடு ஓடுகிறேன். அதில் ஒரு தடவைகூடத் தப்பில்லாமல் ஓடி முடித்ததில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால், மலேசியாவில் ஈப்போவில் பிறந்து வளர்ந்த இருபது வயதுப் பெண் ஒருத்தி மரக்காணம் பேருந்து நிறுத்தத்தில் உச்சி வெயிலில் ஒரு பை நிறைய நாய் பிஸ்கட்டோடு எதற்காக நின்றாள் என்பது யாருக்கும் புரியாது.

விளையாட்டு இதுதான். மைதானத்தில் தாண்டுவதற்குக் கம்பிகள், நுழைந்து போக ஒரு துணிக் குழாய், ஏறி இறங்க வீட்டுக் கூரை மாதிரி ஒரு சாய்வுப் பலகை, நடந்து கடக்க உயரமாக ஒரு பலகைப் பாலம் எல்லாம் வைத்திருப்பார்கள். எதை முதலில் தாண்ட வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும் என்பது நாய்க்குத் தெரியாது. கூடவே ஓடுகிற ஆள் கையாலும் காலாலும் காட்டிக்கொண்டே ஓட வேண்டும். நான் காட்டி முடிப்பதற்குள் என் நாய் போபோ வேறு எதையாவது தாண்டியிருக்கும். கம்பி விழுந்தால் போபோவின் தப்பு. வழி மாறினால் போபோவின் தப்பு. இப்படியே நான்கு வருடம் ஓட்டினேன். இப்போது போபோவுக்கு ஒன்பது வயது, முட்டியில் வலி, ஓய்வு கொடுத்தாகிவிட்டது.

எங்கள் பயிற்சியாளர் மிஸ் லிம்மிடம் ஒரு குட்டி இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, நல்ல ஓட்டக்கார இனம். யாரிடம் பழக்கக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது முதல் ஆளாக நான் கை தூக்கினேன். மிஸ் லிம் பக்கத்தில் இருந்தவரிடம் சீனத்தில் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னது இது: "நீ எப்போதும் நாயைத்தான் குறை சொல்கிறாய். வேறு ஒருவருடைய நாயோடு, வேறு ஊரில், தப்பில்லாமல் ஒரே ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வா. குட்டி உனக்கு. இல்லையென்றால் ஹேமாவுக்கு."

ஹேமா என்னைவிட இரண்டு வயது சின்னவள். என்னைவிட நன்றாக ஓடுவாள். ஆகவே நான் விமானம் ஏறினேன்.

புதன்கிழமை வந்து சேர்ந்தேன். சென்னையிலிருந்து வரும் பேருந்தில் கடலைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பியபோது மரக்காணம் பின்னால் போயிருந்தது. "மூணு தபா கூவுனேம்மா. நீ வாயத் தொறந்துகினு தூங்கற," என்றார். பேருந்தே திரும்பிப் பார்த்தது. இறங்கி, ஒரு ஷேர் ஆட்டோவில் யாருடையதோ நண்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கூடைக்காரர் நடுவழியில் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார். ஆட்டோ அவருக்காகக் காத்திருந்தது. ஈப்போவில் இப்படி நின்றால் பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே கொன்றுவிடுவான்.

என்னை அழைத்தது ஸ்டெல்லா. முப்பது வயது இருக்கும். வீடு மரக்காணத்தில், வேலை பாண்டிச்சேரியில் ஒரு நாய்த் தீவனக் கடையில். இணையத்தில் அவள் போட்ட வீடியோவைப் பார்த்துப் பழக்கமானவள். ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் பெரிய முதலியார்சாவடியில் ஒரு போட்டி இருக்கிறது, நாய் நான் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். நான் மனத்தில் வைத்திருந்தது வழவழவென்று சீவிய ஒரு நாய். அவள் வீட்டுப் பின்புறம் போனால், பிளாஸ்டிக் பைப்பிலும் பழைய பலகையிலும் செய்த தடைகளுக்கு நடுவே ஒரு காது நிமிர்ந்து மறு காது மடங்கிய தெருநாய் ஒன்று உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"பேர் என்ன?" என்றேன்.

"மேனேஜரு," என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்.

நாயின் சொந்தக்காரர் அவர்தான். அமுலு அக்கா. உப்பளத்தில் கூலி வேலை. விடிவதற்குள் வேலைக்குப் போகும்போது நாயும் கூடப் போகுமாம். "நாங்கல்லாம் பாத்தியில எறங்கி உப்பு வாருவோம். இது மட்டும் வரப்பு மேலயே நடந்துகினு, நாங்க இன்னா பண்றோம்னு பாத்துகினே இருக்கும். கீழ எறங்கவே எறங்காது. அதான் மேனேஜருன்னு பேர் வெச்சிட்டாங்க." ஆடோ வேறு நாயோ பாத்திப் பக்கம் வந்தால் துரத்திவிடுமாம். சாயங்காலம் ஸ்டெல்லா பிஸ்கட் கொடுப்பதால் இங்கே வந்து கம்பி தாண்டுகிறது.

அன்று சாயங்காலம் முதல் பயிற்சி. நான் ஆங்கிலத்தில் கத்தினேன். மேனேஜர் என் வாயைக் கவனிக்கவே இல்லை, என் காலைத்தான் பார்த்தது. என் கால் எங்கே திரும்பியதோ அங்கே போனது. என் கால் எப்போதும் தாமதமாகத்தான் திரும்பும். ஆகவே குழாய்க்குள் போக வேண்டிய நாய் கோழிக்கூண்டைத் தாண்டியது.

"இந்த நாய்க்குக் கவனம் போதாது," என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அமுலு அக்கா பொறுமையாகச் சொன்னார். "நாய் கரெக்டாத்தான் போவுது பாப்பா. நீதான் லேட்டா திரும்பற."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பயணக் களைப்பு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை இட்லியும் முந்தைய நாள் வைத்த மீன் குழம்பும். எங்கள் ஊரில் காலையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு அதுவே பெரிய சாப்பாடு என்று நினைத்திருந்தவள் நான். ஆறு இட்லி சாப்பிட்டேன். இங்கே டீ மட்டும் ஏமாற்றம். குருவி குடிக்கும் அளவு ஒரு கிளாஸ். மூன்று கிளாஸ் வரிசையாகக் கேட்டதற்குக் கடைக்காரர், "இன்னும் யார் யாரும்மா வர்றாங்க?" என்றார்.

அன்று ஸ்டெல்லா வேலைக்குப் போகும்முன் பெயிண்ட் டப்பாவோடு நின்றாள். சாய்வுப் பலகையின் அடியிலும் பாலத்தின் முனையிலும் வேறு நிறத்தில் ஒரு பட்டை அடித்திருப்பார்கள். இறங்கும்போது அந்தப் பட்டையில் நாயின் ஒரு காலாவது பட வேண்டும். மேலிருந்தே குதித்தால் அடிபடும் என்பதற்காக இந்த விதி. கால் படாவிட்டால் ஐந்து தப்புப் புள்ளி. ஸ்டெல்லாவின் பலகையில் பட்டை மஞ்சளாக இருந்தது. "போட்டியில வெள்ளையாம். இப்பதான் குரூப்ல போட்டாங்க," என்று வெள்ளையாக அடித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பெயிண்ட் காய்ந்ததும் ஓடினோம். மேனேஜர் பலகையில் ஏறியது, இறங்கியது, வெள்ளைப் பட்டைக்கு மேலே வந்ததும் நின்றது. அப்புறம் நான்கு காலையும் சேர்த்து ஒரே தாவலில் மணலில் போய் விழுந்தது. மறுபடியும் ஓடினோம். மறுபடியும் தாவியது. பாலத்திலும் அதே கதை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். வாழ்க்கையில் முதல் முறையாக நிஜமாகவே நாயின் தப்பு.

"பெயிண்ட் நாத்தம் புடிக்கல போல," என்றாள் வேலையிலிருந்து திரும்பிய ஸ்டெல்லா. நான் தலையை ஆட்டினேன். இதைத் திருத்திக் காட்டுகிறேன் பார் என்று சபதம் வேறு எடுத்துக்கொண்டேன். அமுலு அக்காவிடம் சொல்ல வேண்டாம், போட்டியன்று பார்த்து அசரட்டும் என்று ஸ்டெல்லாவையும் கேட்டுக்கொண்டேன். இந்தப் பயணத்தில் நான் எடுத்த மிக மோசமான முடிவு அதுதான். தூங்கி ஊரைத் தாண்டிப் போனதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

வெள்ளிக்கிழமை, போட்டிக்குப் பயிற்சி என்று மட்டும் அமுலு அக்காவிடம் சொல்லி, மேனேஜரை வேலைக்கு அனுப்பாமல் என்னோடு நிறுத்திக்கொண்டேன். நாள் முழுக்கப் பாடம். நான் கொண்டுவந்த உயர்ந்த ரக பிஸ்கட்டை மேனேஜர் மோந்து பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடியது. சந்தைக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். விற்ற அம்மா, "கொழம்புக்கா, வறுக்கவா?" என்றார். நாய்க்குப் பாடம் எடுக்க என்றதும் எடை போட்டதற்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

என் வெள்ளைத் துண்டை மணலில் விரித்தேன். அதன்மேல் கையைத் தட்டி, நாய் ஒரு காலை வைத்தால் ஒரு நெத்திலி. காலையில் அது துண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது, மிதிக்கவில்லை. மத்தியானம் ஒரு காலை வைத்து உடனே எடுத்துவிட்டு, அடி விழுமோ என்று பார்ப்பது போல் என்னைப் பார்த்தது. அப்போதாவது ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, நெத்திலி கொடுத்தேன். நான்கு மணிக்கு இரண்டு முன்னங்கால்களையும் வைத்து நின்றது. அஸ்தமிப்பதற்குள் பலகையின் வெள்ளைப் பட்டையில் இறங்கி அசையாமல் நின்று வாயைத் திறந்தது. எவ்வளவு அழகான நிற்பு. வீடியோ எடுத்து மிஸ் லிம்முக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. குட்டிக்குப் பெயர்கூட யோசித்துவிட்டேன்.

சனிக்கிழமை விடியலில் அமுலு அக்கா என்னை உப்பளத்துக்குக் கூட்டிப்போனார். "இவ்ளோ தூரம் வந்துட்டு உப்பளம் பாக்காம போறதா?" என்றார். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி பாத்தியாக வெள்ளை. நடுவில் கோடு கோடாக வரப்பு. மேனேஜர் எங்களுக்கு முன்னால் அந்த வரப்பில் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பார்த்தவுடனே என் துண்டு ஞாபகத்துக்கு வந்தது. வெள்ளை. இவ்வளவு வெள்ளை.

மேனேஜரும் பார்த்தது. ஒரு கணம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, அன்று வார வேண்டிய பாத்தி ஒன்றில் குதித்து, உப்பைச் சிதறடித்துக்கொண்டு நடுவரைக்கும் ஓடி, அங்கே அசையாமல் நின்று, என்னைப் பார்த்து வாயைத் திறந்தது.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? என்ன அருமையான நிற்பு என்றுதான். அவ்வளவு கேவலமான பிறவி நான்.

"டேய், டேய், மேனேஜர் எறங்கிட்டான்டா," என்று யாரோ கத்தினார்கள். மேஸ்திரி ஓடிவந்தார். உப்புப் பாத்தியின் அடி, காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிய களிமண். வேலை செய்கிறவர்களே பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கிறார்கள். நாய் ஓடினால் நகம் கீறி சேறு மேலே வந்துவிடும், உப்பு கறுத்துப் போகும். நாய் ஓடிய வழியெல்லாம் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. "இன்னாம்மா அமுலு, இத்தினி வருசமா எறங்காத நாயி இன்னிக்கு எறங்குது? இனிமே இத கூட்டியாராத, சொல்லிட்டேன்," என்றார் மேஸ்திரி.

அமுலு அக்கா பாத்தியில் மெதுவாக இறங்கி, நாயைத் தூக்கிக்கொண்டு வந்து வரப்பில் விட்டார்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துண்டு, நெத்திலி, பெயிண்ட், வீடியோ எல்லாம். கேட்டுவிட்டு அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "குட்டியா இருக்கச்சொல்ல ஒரு மாசம் கூட நின்னு பழக்குனேன் பாப்பா. கால் கீழ போவும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டித் தூக்கி மேல வெப்பேன். வூட்ல வுட்டுட்டு வந்தா ரோட்டுக்கு ஓடிடுது. இதோட அம்மா அந்த ரோட்லதான் கார்ல அடிபட்டுச்சு." கடற்கரைச் சாலையில் கார்கள் போகிற வேகத்தை நானும் பார்த்திருந்தேன்.

மேஸ்திரியிடம் போய், இன்று ஒரு நாள் கொடுங்கள், நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேன் என்று கெஞ்சினேன். என் தமிழ் அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். வாரி முடித்த பாத்திகள் பக்கம் கை காட்டினார். "சாயங்காலம் நான் பாப்பேன். எறங்குச்சின்னா அவ்ளோதான்."

அன்று முழுவதும் வரப்பில் நடந்தோம். வரப்பிலேயே நின்றால் நெத்திலி, வெள்ளையில் கால் வைத்தால் ஒன்றும் இல்லை. அரை மணிக்கு ஒருமுறை அமுலு அக்கா வந்து, பழையபடி நாயின் காலில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். "இனிமே வெள்ளையில நிக்கிறதுக்கு ஒண்ணுகூட குடுக்காத. ஒரு தபா குடுத்துட்டு ஒரு தபா இல்லேன்னா நாய் எத நம்பும்?" என்றார். வரப்பு ஒன்றரைச் சாண் அகலம். மூலைக்கு மூலை திரும்ப வேண்டும். நான் தாமதமாகத் திரும்பினால் என் பின்னால் காலைப் பார்த்து வரும் நாய் நேராகப் பாத்திக்குள் போய்விடும். ஆகவே திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்பே காலைத் திருப்பினேன். நான்கு வருடமாக மிஸ் லிம் தொண்டை வறளச் சொன்னதும் இதைத்தான். மத்தியானம் கேழ்வரகுக் கூழும் வறுத்த கருவாடும் கொடுத்தார்கள். அதையும் வரப்பில் நின்றபடியே குடித்தேன்.

சாயங்காலம் மேஸ்திரி வந்து நின்றார். மறுநாள் வார வேண்டிய பாத்தி ஓரமாக நடக்கச் சொன்னார். மேனேஜர் நடந்தது. வெள்ளையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, இறங்கவில்லை. மூலை வந்ததும் திரும்பியது. அந்தப் பெருமையில் நான் நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தேன். கால் வழுக்கியது. முழு உடம்போடு பாத்தியில் போய் விழுந்தேன்.

உப்பு நீர் வாய் வரைக்கும் போய்விட்டது. தலையைத் தூக்கினால், மேனேஜர் வரப்பு மேலே உட்கார்ந்து, கீழே இறங்கிய என்னைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மேஸ்திரி என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். பிறகு அமுலு அக்காவிடம், "நாய கூட்டியாம்மா. அந்தப் பொண்ண மட்டும் கூட்டியாராத," என்றார். உப்பளமே சிரித்தது. அமுலு அக்காவும் சிரித்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஆனால் மனசு ஆறியது.

ஞாயிற்றுக்கிழமை 'குட்டி யானை' என்று இங்கே சொல்கிற சின்ன லாரியின் பின்னால் நான், ஸ்டெல்லா, அமுலு அக்கா, மேனேஜர், ஐந்து வாழைத்தார் எல்லாம் சேர்ந்து புறப்பட்டோம். வழியில் டயர் பஞ்சர். டிரைவர் சக்கரம் மாற்றும் வரைக்கும் மேனேஜர் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது. மைதானத்தில் பளபளக்கும் நாய்கள், குடை, மடக்கு நாற்காலி. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எங்கள் நாயைப் பார்த்து, இது என்ன இனம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "உப்பளம்," என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

எங்கள் முறை வருவதற்கு முன் அமுலு அக்கா என்னைத் தனியே இழுத்தார். குட்டி விஷயத்தை ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள். "இவ்ளோ தூரம் வந்துட்ட. இன்னிக்கு மட்டும் மிதிக்கட்டும். அப்புறம் நான் பாத்துக்கறேன்," என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடினோம். முதல் கம்பி, இரண்டாவது கம்பி, குழாய். என் கால் நேரத்துக்குத் திரும்பியது. நாய் வந்தது. நான் கத்தவே இல்லை. சாய்வுப் பலகையில் ஏறி உச்சியைக் கடந்து இறங்கியது. வெள்ளைப் பட்டைக்கு மேலே நின்றது. என் வலது கையைப் பார்த்தது. அந்தக் கையில் இன்னும் நெத்திலி வாடை இருந்தது. பட்டையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், இறங்கி நிற்கும். அப்படியே பாலத்தையும் முடித்துவிடுவோம். குட்டி எனக்கு. பெயர்கூட வைத்துவிட்டேனே.

கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன். "தாண்டு," என்றேன்.

தாண்டியது. நடுவர் கை உயர்ந்தது. ஐந்து. பாலத்தின் முனையிலும் அதேதான். இன்னும் ஐந்து. மற்றபடி ஒரு கம்பிகூட விழவில்லை, ஒரு வழிகூட மாறவில்லை. கடைசிக் கம்பியைத் தாண்டிய மேனேஜர் என்னைக் கண்டுகொள்ளாமல் நேராக அமுலு அக்காவிடம் ஓடியது. அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

சாயங்காலம் மிஸ் லிம்மை அழைத்தேன்.

"எத்தனை?"

"பத்து."

"நாயின் தப்பா?" நான்கு வருடமாகக் கேட்கிற அதே குரல்.

"இல்லை. நான்தான் தாண்டச் சொன்னேன்."

காரணம் கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. "சொன்னது சொன்னதுதான். குட்டி ஹேமாவுக்கு," என்றார். பிறகு, "பத்திரமாக வந்து சேர்," என்றார். ஸ்டெல்லாவின் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். குட்டிக்காகத்தான் அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை. போபோவின் ஞாபகமும் வந்தது. வீட்டுக்குப் போனதும் அதனிடம் நான்கு வருடத்துக்கான மன்னிப்பைக் கேட்டாக வேண்டும்.

திங்கட்கிழமை காலை பேருந்துக்குப் போகும் வழியில் உப்பளத்துக்குப் போனேன். எனக்கு உள்ளே அனுமதி இல்லை, ஆகவே சாலை ஓரத்திலேயே நின்றேன். அமுலு அக்கா தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். கையை உயர்த்தினார். மேனேஜர் வரப்பில் நின்றது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு பாத்தி, வெள்ளை வெளேரென்று. குறுக்கே பத்து எட்டு வைத்தால் போதும். வாலை ஆட்டியது. நான் கூப்பிடவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை.

அது உப்பைப் பார்த்தது. பிறகு திரும்பி, வரப்போடு போய், மூலையில் திரும்பி, அடுத்த மூலையில் திரும்பி, நிதானமாகச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தது. அது வந்து சேர்வதற்குள் என் பேருந்து போய்விட்டது. பையில் மீதி இருந்த நெத்திலியை எல்லாம் அதற்கே கொடுத்தேன்.